சோப்பு டப்பாவுக்குச் சேதி சொன்ன சென்சார்

செல்லமுத்துவின் காரில் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

2007 ஆகஸ்டு மாதம். பெரம்பலூரில் வாகனப் புகையுறுப்புத் தணிக்கை அலுவலகம் என்று ஒன்று இருந்தது. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஜனங்கள் அதைப் புகை ஆபீஸ் என்றார்கள். அங்கே எழுத்தர் ஜெயசித்ரா கருவியின் குழாயைக் கார் சைலன்சரில் சொருகி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, வந்த எண்ணைப் பார்த்து, "பழைய வண்டிக்கு நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். படிவத்தில் இன்னும் கட்டங்கள் பாக்கி இருந்தன. பதினேழாம் கட்டத்தில் அவளுடைய பேனா நின்றது.

"ஆக்ஸிஜன் சென்சார் எங்கங்க?"

"அப்படின்னா என்னாங்கம்மா?"

"எனக்குந் தெரியாதுங்க. இருக்கா இல்லையான்னு கேட்டுருக்கு."

செல்லமுத்து கீழப்பழுவூர்க்காரன். இருபத்திரண்டு வருஷம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவன். நெஞ்சுக்குள் தூசி தங்கிவிட்டது, இனி சம்மட்டியைத் தொடாதே என்று டாக்டர் சொன்னபின், மனைவி கலியம்மாள் சமைக்க, இவன் காரில் ஏற்றிக்கொண்டு போய் அதே சுரங்கத்து ஆட்கள் நாற்பது பேருக்கு மதியச் சோறு போட்டுக்கொண்டிருந்தான். கார் 2000 மாடல். சென்னை டாக்டர் ஒருவர் ஓட்டிக் கழித்தது. வாங்கிய மறுவருஷமே அதன் பெட்ரோல் இன்ஜின் சூடேறி, சுற்ற முடியாமல் இறுகிக்கொண்டது. மெக்கானிக் பிரேம்குமார் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய டீசல் இன்ஜின் ஒன்றை இறக்கினான். ஆர்.சி. புத்தகத்திலும் டீசல் என்று மாற்றி முத்திரை வாங்கியாயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

இப்போது சுரங்கத்துக் காண்டிராக்டர் புதுச் சட்டம் போட்டிருந்தார். புகை ஆபீஸ் சான்றிதழ் இல்லாத வண்டி கேட்டுக்குள் வரக்கூடாது. உள்ளே காற்று கெட்டுப்போகுமாம். கேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர். அந்த ஒன்றரை கிலோமீட்டரும் செல்லமுத்துவும் கலியம்மாளும் சோற்றுக் குண்டானைத் தலையில் சுமந்து நடந்தார்கள். எதிரே வரும் கல் லாரி ஒவ்வொன்றும் அவர்கள்மேல் வெள்ளை அடித்துவிட்டுப் போயிற்று. அவன் நூறடிக்கு ஒருதரம் நின்று இருமினான். நவம்பர் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் சாப்பாட்டு வேலை வேறு ஆளுக்கு என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார்.

பிரேம்குமார் கார் அடியில் படுத்தபடியே விளக்கம் சொன்னான்.

"அண்ணே, பெட்ரோல் இன்ஜின்ல ஒரு கம்ப்யூட்டர் பொட்டி இருந்துச்சு. புகை போற குழாயில இந்த சென்சார் ஒக்காந்துக்கிட்டு, ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு மோந்து பாத்துப் பொட்டிக்குச் சொல்லும். அதுக்கேத்த மாதிரி பொட்டி பெட்ரோலைக் கூட்டும், கொறைக்கும். இப்பப் பெட்ரோலும் இல்ல, பொட்டியும் இல்ல. இந்தப் பழைய டீசலுக்கு அந்தச் சங்கதியே கெடையாது. மோந்து பாத்து யாருகிட்டச் சொல்லும், உங்ககிட்டயா?"

"அப்ப வேணாங்கிற."

"வேணாம். எழுதியே தரேன்."

எழுதியும் தந்தான். அந்தக் கடுதாசியைச் செல்லமுத்து இரண்டுதரம் எழுத்துக் கூட்டிப் படித்தான். நாற்பது வயசுக்கு மேல் அறிவொளி வகுப்பில் படிக்கக் கற்றவன். எழுதியிருப்பது எதுவானாலும் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும், அதை ஆபீசில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்று நம்பினான்.

புகை ஆபீஸ் அலுவலர் ராஜராஜன் கடுதாசியை வாங்கவில்லை. அவர் லஞ்சமும் வாங்கமாட்டார். வாங்குகிறவராக இருந்தால் இந்தக் கதை அன்று சாயங்காலமே முடிந்திருக்கும்.

"சென்சார் தேவையா இல்லையான்னு யாரு சொல்றது?" என்று கேட்டார்.

"மெக்கானிக்குங்க."

"மெக்கானிக் இன்ஜினைப் பாக்குறான். நான் படிவத்தைப் பாக்குறேன். நான் ஒருநாளும் இன்ஜினைப் பாத்தது இல்ல. பாத்தா மனசு இளகிடும். இந்த வண்டி கம்பெனியை விட்டு வரும்போது சென்சாரோட வந்துச்சுன்னு பதிவு இருக்கு. நீ என்ன வேணாலும் மாத்திக்க, இன்ஜினை மாத்து, சக்கரத்தை மாத்து, வண்டியையே மாத்து. சென்சார் இருக்கணும்."

செல்லமுத்துவுக்கு வயசு ஐம்பத்து மூன்று. ராஜராஜனுக்கு முப்பத்தைந்து இருக்கும். அந்த 'நீ' அவன் காதில் கல்துண்டு மாதிரி கிடந்தது. இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்தான்.

திருச்சியில் பழைய இரும்புக் கடையில் ஒரு சென்சார் கிடைத்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு, கருகிப்போய், வால் மாதிரி ஒயரோடு இருந்தது. எந்த வண்டியினுடையது என்று கடைக்காரனுக்கே தெரியவில்லை. பிரேம்குமார் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே, நன்றாக இருந்த சைலன்சர் குழாயில் ஓட்டை போட்டு, ஒரு நட்டைப் பற்றவைத்து, சென்சாரைத் திருகினான்.

மறுபடியும் பெரம்பலூர். ஜெயசித்ரா குனிந்து பார்த்தாள்.

"சென்சார் இருக்கு. ஆனா ஒயர் தொங்குதுங்களே. பதினேழு 'ஆ'வுல, 'எதனுடன் இணைக்கப்பட்டுள்ளது'ன்னு இருக்கு."

"ஒண்ணுத்தோடயும் இல்லீங்கம்மா. அதுக்குப் பொட்டியே இல்ல."

"அப்ப ஒரு பொட்டி வச்சுட்டு வாங்க."

அவள் கிண்டல் பண்ணவில்லை. உண்மையிலேயே உதவி செய்யத்தான் சொன்னாள்.

பிரேம்குமார் பட்டறைக் குழாயடியில் இருந்த சோப்பு டப்பாவைக் கழுவினான். ஓரத்தில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டு முடிச்சுப் போட்டான். டப்பாவை ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு திருகாணியால் முடுக்கி வைத்தான். நீல நிற டப்பா. மூடியில் தாமரைப் பூ போட்டிருந்தது.

"என்னைய மெக்கானிக்குன்னு நாளைக்கு எவன்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே" என்றான்.

இந்தத் தடவை ராஜராஜனே எழுந்து வந்தார். டப்பாவை விரலால் தட்டினார். திறந்து பார்க்கவில்லை. "இத மொதல்லயே செஞ்சிருந்தா எவ்வளவு அலைச்சல் மிச்சம்" என்றார். அரக்கு உருக்கச் சொன்னார். தாமரைப் பூவின்மேல் அரக்கு வைத்து அலுவலக முத்திரை குத்தப்பட்டது. இனி அதை யாரும் திறந்தால் குற்றம் என்று ஒரு தாளும் ஒட்டினார்கள்.

"அப்ப சர்டிபிகேட்டுங்க சார்?"

"அவசரப்படாத. சென்சார் மோந்து பாக்குதில்ல? மோந்து பாத்தது என்னன்னு எங்களுக்குத் தெரியணும். ரெண்டு மாசத்துக்குத் தினசரிப் பதிவேடு எழுதணும்."

"அது ஒண்ணும் சொல்லாதுங்களே சார்."

"அது சொல்லாது. நீ எழுது. உனக்கு எழுதத் தெரியும்ல?"

"தெரியுங்க."

"பின்ன என்ன?"

அரசாங்கம் ஒரு காலத்தில் தனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தானா என்று செல்லமுத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்தான். வீட்டுக்கு வந்து கலியம்மாளிடம் சொன்னான். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தக் கம்பி மோந்து பாக்குறத நீங்க எழுதணுமா?"

"ஆமா."

"அப்ப நீங்க மோந்து பாத்து எழுதுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே காத்துதான?"

அது அவனுக்குச் சரி என்று பட்டது. செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து எழுத ஆரம்பித்தான்.

அந்த நாட்களில்தான் புகை ஆபீசில் சுத்தக் காற்று விழா நடந்தது. சான்றிதழுக்கு வந்திருந்த எல்லாரையும் வாசல் பந்தலில் உட்கார வைத்துக் காம்பவுண்டு கேட்டை மூடினார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. ராஜராஜன் பேசினார்.

"இந்த மாவட்டத்துல ஓடுற ஒவ்வொரு வண்டியும் எப்படி மூச்சு விடுதுன்னு என் மேசையில ரெக்கார்டு இருக்கு. சில பேர் கேக்குறாங்க, சார், கல் லாரி தார்ப்பாய் போடாமப் போவுதே, ஊரே வெள்ளையா இருக்கேன்னு. அது தூசி. நான் புகை. தூசிக்கு வேற துறை. மனுசன் இருமினா சுகாதாரத் துறை. செத்தா வருவாய்த் துறை. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கட்டத்துல நின்னா நாடு நல்லா இருக்கும்."

கைதட்டல் எழுந்தது. அதே நேரம் ரோட்டில் நாலு லாரி வரிசையாகப் போயிற்று. பந்தல் துணி படபடத்து, மேடையில் இருந்த தண்ணீர் டம்ளர்களில் மெல்லிய வெள்ளை ஆடை படிந்தது. செல்லமுத்துவுக்கு இருமல் கிளம்பியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கடைநிலை ஊழியர் வந்து அவன் தோளைத் தொட்டு, "ஐயா, சார் பேசுறாரு. வெளிய போயி இருமுங்க" என்றார். வெளியே போய் இருமினான். அங்கேதான் லாரி போய்க்கொண்டிருந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஆபீசில் நாற்காலி, மேசை, முத்திரைக் கட்டை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். புகை அளக்கும் கருவிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் மரியாதை. அதன் குழாய் வாயில் சந்தனத்தை அள்ளி அப்பிக் குங்குமம் வைத்தார்கள். சந்தனம் காய்ந்து துளை அடைத்துக்கொண்டது. அதன்பிறகு பத்து நாள் எந்த வண்டிக்கு வைத்தாலும் கருவி பூஜ்யம் காட்டியது. கன்னங்கரேலென்று கக்கிக்கொண்டு வந்த ஒரு தண்ணீர் லாரிக்கும் பூஜ்யம். சந்தனத்தைச் சுரண்டலாம் என்று ஜெயசித்ரா சொன்னதற்கு ராஜராஜன் சம்மதிக்கவில்லை. சாமிக்கு வைத்ததைச் சுரண்ட அதிகாரம் மேலிடத்துக்குத்தான் உண்டு என்று கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் மாவட்டத்தில் காற்று மிகவும் முன்னேறிவிட்டதாக அறிக்கை போயிற்று.

செல்லமுத்து வாராவாரம் பதிவேட்டைக் கொண்டுபோய் நீட்டினான். ராஜராஜன் பக்கத்துக்குப் பக்கம் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அழகாக இருக்கும். போடும்போது கண் ஜன்னல் பக்கம் இருக்கும்.

கடைசியில் நவம்பர் 22, வியாழக்கிழமை சாயங்காலம் சான்றிதழ் வந்தது. ஓராண்டு செல்லும் என்று அச்சிட்டிருந்தது. கலியம்மாள் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். "நாளையிலேருந்து தலையில தூக்க வேணாம்ங்க" என்றாள். அவன் அன்று இருமாமல் சாப்பிட்டான்.

அந்தச் சான்றிதழ் ஒரு ராத்திரி உயிரோடு இருந்தது.

மறுநாள் நவம்பர் 23. அரியலூர் தனி மாவட்டம் ஆன நாள். 2001இல் ஒருதரம் பிரித்து, அடுத்த வருஷமே சேர்த்து, இப்போது மறுபடியும் பிரித்தார்கள். நல்லதுதான், யாரும் வருத்தப்படவில்லை. காலையிலேயே சோற்றை ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் சுரங்கத்துக்குப் போனார்கள். கேட்டில் வாட்ச்மேன் அழகேசன் சான்றிதழை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது பெரம்பலூர் சீலு. நம்ம ஊரு இன்னையிலேருந்து அரியலூர். காண்டிராக்டர் காலையிலயே சொல்லிட்டாரு, அரியலூர் சீலு இருந்தாத்தான் உள்ள விடணும்னு. பேப்பர்ல போட்டுருக்கு பாருங்க."

"நேத்து வாங்குனதுடா!"

"நேத்து வேற மாவட்டம்ல மாமா."

வண்டியைத் திருப்பிக்கொண்டு அரியலூருக்குப் போனார்கள். புதுப் புகை ஆபீஸ் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே சுவரில் சுண்ணாம்பு காயவில்லை. புது மேசைக்குப் பின்னால், கழுத்தில் மாலையோடு, ராஜராஜன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெயசித்ரா. இரண்டு பேரையும் இங்கே மாற்றியிருந்தார்கள்.

செல்லமுத்துவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "சார், நல்லவேளை நீங்களே இருக்கீங்க. நேத்து நீங்க குடுத்ததுங்க. ஒரு சீலு மட்டும்."

ராஜராஜன் சான்றிதழைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது வேற மாவட்டத்து அலுவலர் கையெழுத்து. இத நான் எப்படி நம்புறது?"

"சார், அது நீங்கதான்!"

"பெரம்பலூர்ல அது நான். இங்க நான் வேற. எனக்கே இன்னைக்குத்தான் சார்ஜ் குடுத்துருக்காங்க. போன ஆளு என்ன பண்ணினாருன்னு எனக்குத் தெரியாது. சோதனையை மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். படிவம் இன்னும் அச்சாகி வரல. தை பொறந்து வா."

கலியம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகினாள். "ஏன் சார், உங்க பொண்டாட்டி பெரம்பலூர்ல கட்டினவங்களா, அரியலூர்ல கட்டினவங்களா? அவங்களையும் மொதல்லேருந்துதான் கட்டணுமா?"

ஜெயசித்ரா முகத்தைப் பதிவேட்டுக்குள் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"ஆபீஸ்ல மரியாதையாப் பேசணும்!"

"பேசுறோம் சார்" என்றான் செல்லமுத்து. அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. பையிலிருந்து பதிவேட்டை எடுத்தான். "போன ஆளு என்ன பண்ணினாருன்னு உங்களுக்குத் தெரியாதில்ல? நான் படிக்கிறேன், கேளுங்க."

எழுத்துக் கூட்டித்தான் படித்தான். அதனால் ஒவ்வொரு சொல்லும் தனியாக விழுந்தது.

"செப்டம்பர் இருபத்தி நாலு. பழுவூர் ரோட்டுல கல்லு லாரி முப்பத்தெட்டு. தார்ப்பாய் போட்டது ரெண்டு. வண்டி நல்லா இருக்கு. சரிபார்க்கப்பட்டது. அக்டோபர் மூணு. சுரங்கத்துல கல்லு ஒடைக்கிற காத்தாயி மகன் ஆஸ்பத்திரியில. நெஞ்சு பூராத் தூசி. வயசு இருபத்தாறு. வண்டி நல்லா இருக்கு. சரிபார்க்கப்பட்டது. அக்டோபர் பதினொண்ணு. எனக்குக் காலையில ரத்தம் வந்துச்சு. கலியம்மாகிட்டச் சொல்லல. வண்டி நல்லா இருக்கு. சரிபார்க்கப்பட்டது."

கலியம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"நவம்பர் ஆறு. காத்தாயி மகன் செத்துட்டான். காத்து அப்படியேதான் இருக்கு. சரிபார்க்கப்பட்டது. கீழ ஒங்க கையெழுத்து சார். படிச்சுத்தான போட்டீங்க?"

ராஜராஜன் கழுத்து மாலையைச் சரிசெய்தார். "படிக்கணும்னு எந்த விதியில இருக்கு? கையெழுத்துப் போடணும்னுதான் இருக்கு. எல்லாத்தையும் படிச்சுக்கிட்டிருந்தா ஆபீஸ் எப்படி நடக்கும்? அதுவும் நீ எழுதினது சென்சார் ரீடிங் மாதிரியே இல்ல. அதுக்கே உம்மேல நடவடிக்கை எடுக்கலாம்."

செல்லமுத்து வெளியே போனான். டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு கார் அடியில் படுத்தான். வெளியே வரும்போது கையில் துணியில் சுற்றிய சென்சார் இருந்தது. அரக்கு முத்திரையோடு சோப்பு டப்பாவையும் பிடுங்கினான். இரண்டையும் கொண்டுவந்து புது மேசையின்மேல் வைத்தான்.

"ஒங்களுக்கு வேண்டியது இதுதான சார்? இத வச்சுக்கங்க. மொதல்லேருந்து சோதனை பண்ணி இதுக்கே சர்டிபிகேட் குடுங்க. வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். அங்க நாப்பது பேரு பசியோட இருக்கான்."

அவன் சாவியைத் திருகியபோது வாழைமரத்து இலைகள் கிழிந்தன. சென்சார் இருந்த இடத்தில் இப்போது ஓட்டைதான் இருந்தது. இன்ஜின் சத்தம் மொத்தமும் அந்த ஓட்டை வழியாக வந்தது. அரியலூர் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. காதைப் பொத்திக்கொண்டு கலியம்மாள் ஏதோ கத்தினாள். ரத்தம் வந்ததைப் பற்றித்தான் கேட்டிருப்பாள். அவனுக்குக் கேட்கவில்லை.

சுரங்கத்தை நெருங்கும்போது அந்தச் சத்தம் பள்ளத்தின் சுவர்களில் மோதி இரண்டு மடங்கானது. கீழே இருந்தவர்கள் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். வெடி என்றால் சம்மட்டியைப் போட்டுவிட்டு மேலேறி கேட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும், அது அங்கே பழக்கம். நாற்பது பேரும் மூச்சிரைக்க வெளியே ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் வெடியைக் காணோம். சோறும் காரக்குழம்பும் ஆவி பறந்துகொண்டிருந்தன.

"வந்ததுதான் வந்துட்டோம், போடு அண்ணே" என்றான் முன்னால் நின்றவன். ரோட்டோரத்திலேயே பந்தி நடந்தது.

காண்டிராக்டர் ஜீப்பில் வந்து இறங்கிக் கத்தினார். அழகேசன் பணிவாகச் சொன்னான்: "வண்டி உள்ள வரக்கூடாதுன்னுதான சொன்னீங்க முதலாளி. ஆளு வெளிய வரக்கூடாதுன்னு சொல்லலியே."

மறுநாளும் சத்தம் கேட்டது. வெடி இல்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் நாற்பது பேரும் வந்தார்கள். போக ஒன்றரை கிலோமீட்டர், வர ஒன்றரை கிலோமீட்டர், நாற்பது பேர். காண்டிராக்டர் ஜீப்பில் உட்கார்ந்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் கேட் திறந்து கிடந்தது. சான்றிதழ் எங்கே என்று எவனும் கேட்கவில்லை. உள்ளே காற்று கெட்டுப்போகும் என்றும் யாரும் சொல்லவில்லை.

பிரேம்குமார் ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்றான். செல்லமுத்து வேண்டாம் என்றுவிட்டான். கலியம்மாள் அவனை வெள்ளிக்கிழமைதோறும் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பொங்கல் கழித்து அரியலூரிலிருந்து பதிவுத் தபால் வந்தது. செல்லமுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். தங்கள் வாகனத்தின் ஆக்ஸிஜன் உணரியும் அதன் பெட்டியும் இவ்வலுவலகத்தின் வசம் நல்ல நிலையில் உள்ளன. சோதனையில் உணரி தேர்ச்சி பெற்றுள்ளது. ஆனால் நவம்பர் 23க்குப் பிறகு அதன் தினசரிப் பதிவேடு வந்து சேரவில்லை. ஏழு நாட்களுக்குள் காரணம் கூறவும்.

அவன் அடுப்படியில் உட்கார்ந்து, தபாலின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினான்.

"ஐயா, சென்சாரு உங்க மேசையில இருக்கு. அங்க மூச்சு விடுறது நீங்க. நீங்களே எழுதிக்கங்க. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."